பலகையில் மூன்று பெரியவர்கள், ஒரு ஊர்க்காரர்

வாசகசாலைக் குமாஸ்தா என்றால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஓசியில் பேப்பர் படிக்கிறவன் என்றுதான் ஊரில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். மீதிக் கால்வாசிப் பேர் அந்த நாற்காலியில் தங்கள் மைத்துனனை உட்கார வைக்கப் பார்க்கிறார்கள்.

ரயில்வே டிக்கெட் ஜன்னலோ, ரேஷன் கடையோ, தபால் ஆபீசோ, பொதுமக்கள் வந்து போகிற இடத்தில் கொஞ்ச காலமாவது காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரிந்துவிடும். நான் சங்கரன்கோவில் ரதவீதி வாசகசாலையில் யுத்தத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கதவு திறக்க வேண்டும், பேப்பர்களைக் கம்பியில் மாட்ட வேண்டும், சண்டை போடுகிறவர்களை விலக்க வேண்டும். இதெல்லாம் கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் வாசலில் தொங்கிய கரும்பலகையில் எழுதுவதில்தான் இருந்தது.

கேஸ் போட முடியாத ஆட்கள்

முதலில் அந்தப் பலகையில் யுத்தச் செய்திதான் எழுதிவந்தேன். நாற்பத்திரண்டு ஆகஸ்டில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்ட செய்தியைப் பேப்பரில் இருந்தபடியே எழுதி வைத்தேன். பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கடைசி எழுத்து வரை நிதானமாகப் படித்தார். பிறகு என் தோளில் கிடந்த துண்டை உருவி, பலகையைத் துடைத்து, துண்டை மறுபடி என் தோளிலேயே போட்டுவிட்டுப் போனார். அன்று முழுவதும் என் கழுத்தெல்லாம் சாக்கட்டிப் பொடி. அதைத் தட்டக்கூடப் பயமாக இருந்தது.

வாசகசாலைக் காரியதரிசி ஞானமுத்து சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவர் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம். அந்தத் தேதியில், எந்தெந்த வருஷத்திலோ, உலகத்தில் பேர்பெற்ற யார் யார் இறந்தார்கள் என்று அதில் போட்டிருந்தது. தினம் மூன்று பேரைத் தமிழில் எழுத வேண்டும். தலைப்பு ‘இந்நாளில் மறைந்தோர்’. தலையை வெட்டச் சொன்ன ராஜாவும், முந்நூறு வருஷம் கழித்து வந்த வானசாஸ்திரியும், யாரோ ஒரு சாமியாரும் ஒரே தேதியில் வந்து நிற்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒருவர் நிழல் ஒருவர் மேல் படக்கூடாது என்று இருந்தவர்கள்கூட என் பலகையில் அடுத்தடுத்த வரியில் கிடந்தார்கள். இது எதற்கு சார் என்று கேட்டேன்.

“எழுதுங்க தம்பி. செத்து நூறு வருஷம் ஆனவன் மேல எந்த இன்ஸ்பெக்டராலயும் கேஸ் போட முடியாது.”

பருத்திக்காரர் பார்த்த சகுனம்

ஒரு மாதம் ஆயிற்று. பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் கூட்டத்தோடு வந்தார். காலையில் கடை திறக்கப் போகிற வழியில் தினமும் மூன்று சாவைப் படித்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறதாம். அதனால்தான் பஞ்சு விலை விழுகிறதாம். “ஏன் வே, விடிஞ்சா எழவு சொல்லுதீரே, ஒமக்கு நல்ல சேதியே கெடைக்காதா?” என்றார். ஞானமுத்து சார் சமாதானமாக, ஒரு வாரம் ‘இந்நாளில் பிறந்தோர்’ என்று எழுதிப் பார்க்கச் சொன்னார். ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகள் பிறந்த தேதியையும் சொன்னால் எழுதலாம் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்.

ஒருத்தரும் வரவில்லை. வாரம் முடிந்ததும் அதே பருத்திக்காரரிடம், உங்கள் பேரையாவது எழுதுகிறேன், தேதி சொல்லுங்கள் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பழையபடி செத்தவர்களையே போடச் சொல்லிவிட்டார்.

“பொறந்த தேதி யாருக்கு வே தெரியும்? பள்ளிக்கூடத்துல வாத்தியார் வாய்க்கு வந்ததை எழுதுனாரு. செத்த தேதின்னாத்தான் நாலு பேரு பாத்திருப்பான்.”

பத்து நாள் பாக்கி

குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து மாடத்தி என்று ஒருத்தி நடந்து வந்தாள். ஆடு மேய்க்கிற வீடு. மடியிலிருந்து பட்டாளத்துக் கடுதாசி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இங்கிலீஷ் தெரிந்தவன் வேண்டுமென்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். அவள் மகன் சுடலை பர்மாவில் இறந்துபோனான் என்று எழுதியிருந்தது, தேதியும் இருந்தது. படித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. அது என்ன நாள் என்று கேட்டாள். பஞ்சாங்கத்தைப் பார்த்து, போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள் என்றேன். தலையாட்டினாள். போகும்போது பலகையைக் காட்டி அது என்ன எழுத்து என்று கேட்டாள். இதே தேதியில் செத்துப்போன பெரிய ஆட்கள் என்றேன்.

அடுத்த வருஷம் தபசுக்கு மறுநாள், கூட்டமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு திரும்பிப் போகிற நேரத்தில், அவள் வாசகசாலை வாசலில் வந்து நின்றாள். “இன்னைக்கு எம் மவன் நாளு. அவன் பேரையும் அங்கன எழுதும்” என்றாள். எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உத்தியோகப் புத்தி எங்கே போகும்? தபசு வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே வரும், கடுதாசியில் உள்ள தேதி வேறு, அந்தத் தேதி வர இன்னும் பத்து நாள் இருக்கிறது, அன்றைக்கு வா என்று விளக்கினேன். இப்படி விளக்கமாகப் பேசிவிட்டு வீட்டில் போய் சோறு இறங்காமல் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப எம் மவன் இன்னும் பத்து நாளு உசுரோட இருப்பான்னு சொல்லுதீரா?”

மலாயாவுக்குப் போனவன்

அன்றைக்கே சுடலையின் பேரை எழுதினேன். ஞானமுத்து சார் கோபிக்கவில்லை. மூன்று பெரியவர்களுக்குக் கீழே ஊராருக்கு ஒரு வரி என்று சட்டம் செய்தார். அதன்பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன பேர்களை, அந்தந்தத் தேதியின் மூன்று பெரியவர்களுக்குக் கீழே, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அந்தந்த நாளில் பலகையில் ஏற்றினேன்.

புளியங்குடிப் பாதையில் உள்ள ஒரு ஊரிலிருந்து நிலபுலன் உள்ள ஒரு சம்சாரி வந்து, மலாயாவுக்குப் போன தன் தம்பி வேலு சயாம் காட்டில் ஜப்பான்காரர்களுக்கு ரயில் பாதை போடும்போது இறந்துவிட்டான், கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள் என்று தேதியோடு சொன்னார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் நம்பி எழுதினேன். அதற்கடுத்த வருஷம் ஒரு நாள், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தபடி, எலும்பும் தோலுமாக ஒருவன் உள்ளே வந்தான். தன் பேர் வேலு என்றான். பலகையிலேயே எழுதியாகிவிட்டது என்று சொல்லித்தான் அண்ணன் அவன் பங்கு நிலத்தைச் சேர்த்துக்கொண்டாராம். அவன் பெண்டாட்டியை வேறு ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். கைக்குழந்தை வேறு இருக்கிறதாம். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தன் பேர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டான். நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு வெளிதேச ராஜாவின் பேருக்குக் கீழே அவன் பேர் இருந்தது. விரல் வைத்து இரண்டையும் படித்தான்.

“அண்ணாச்சி, மேல இருக்க இந்த ராஜா நெசமாவே செத்தாரா? இல்ல, அவருக்கும் அண்ணன்தான் வந்து சொன்னாரா?”

ஒரு வரிக்கு ஒரு ஆள்

சுதந்திரம் வந்த வருஷம் கோடையில் ஊரில் காலரா. கிணறுகளில் மருந்து போட்டார்கள். வீட்டுக்கு வீடு பூட்டிக்கொண்டார்கள். பிணங்களைத் தொடச் சொந்தப் பிள்ளைகளே பின்வாங்கினபோது, பஞ்சாயத்துத் துப்புரவுக் கூலி மாரிதான் கைவண்டியில் வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் போனான். ஒரு வாரம் இழுத்தான். எட்டாம் நாள் அவனை அதே வண்டியில் வைத்து வேறொருவன் இழுத்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே அன்று நான்காவது வரியில் ‘மாரி, சங்கரன்கோவில்’ என்று எழுதினேன். மேலே மூன்றாவது வரியில் ஒரு சக்கரவர்த்தி.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள். வாசகசாலைக்குப் பேப்பர் வாங்கிக் கொடுக்கிறவர்கள். உயிரோடு இருந்தவரை வாசகசாலைப் படியேறாதவன் பேர் எப்படி உள்ளே ஏறலாம் என்றார்கள். “சக்கரவர்த்திக்குக் காலடியில இவனா?” என்றார் ஒருவர். அந்த நான்கு பேரில் ஒருவருடைய தாயாரை மாரிதான் மூன்று நாளைக்கு முன்பு வண்டியில் வைத்துக் கொண்டுபோனான். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஞானமுத்து சார் ஊரில் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். என் கையாலேயே அந்த வரியை அழித்தேன்.

மனது கேட்கவில்லை. மறுநாள் மாரியின் பெண்சாதியைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற தைரியம்கூட வராமல், சும்மா செய்தி சொல்வதுபோலச் சொன்னேன். அவள் தலைமுடியை முடிந்துகொண்டே எங்கோ புறப்பட்டுக் கொண்டிருந்தாள்.

“நீங்க எழுதுனதும் எனக்குத் தெரியாது சாமி, அழிச்சதும் தெரியாது. வண்டி இழுக்க ஆளு பத்தலன்னு என்னைக் கூப்பிட்டிருக்காக. போயிட்டு வாரேன்.”

இரண்டு சாவு

நாற்பத்தெட்டு ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை. என் மனைவி கோமதி, ஊர் அம்மன் பேர் கொண்டவள், இருபது நாளாக விஷக் காய்ச்சலில் கிடந்தாள். டாக்டர் முந்தின நாளே கையை விரித்துவிட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு வாய் கஞ்சி கொடுக்கலாமா என்று என் மாமியார் கிண்ணத்தோடு வந்தபோது மூச்சு இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. எனக்கும் அவள் அம்மாவுக்கும் பிறகு அவள் பேரைச் சொல்லக்கூட ஆள் கிடையாது. திருவேங்கடம் ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் திடீரென்று அழுகைச் சத்தம். வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் வந்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். கோமதிக்கு இத்தனை பேரா என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. டெல்லியில் பிரார்த்தனைக்குப் போன தேசப்பிதாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம், ரேடியோவில் சொன்னார்களாம். கொஞ்ச நேரத்தில் வாசகசாலையில் என்னோடு வேலை பார்த்த பிச்சையா ஓடிவந்தான். என் வீட்டுச் சாவு அவனுக்குத் தெரியாது. பலகையில் எழுத வேண்டும், ஜனங்கள் வாசலில் கூடி நிற்கிறார்கள், சாவி உங்களிடம் இருக்கிறது என்றான். உள்ளே பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

சாவியை அவனிடம் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். ராஜாவையும் வானசாஸ்திரியையும் அழித்தேன். பலகை முழுவதும் அந்த ஒரே பேரை எழுதினேன். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. கூடி நின்றவர்கள் கதறினார்கள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று அழுதேன். கை கழுவாமல் வீட்டுக்கு வந்தேன். மாமியார் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என் விரல்களில் ஒட்டியிருந்த சாக்கட்டியைப் பார்த்தாள்.

“டெல்லி எழவைப் பாத்தாச்சா மாப்பிள்ளே? இனி இங்கன உள்ளதைப் பாருங்க.”

கடையடைப்பு

மறுநாள் ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. பஸ் ஓடவில்லை, திருவேங்கடத்திலிருந்து யாரும் வர முடியவில்லை. கோமதிக்குப் போர்த்தக் கோடிச் சேலை வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். துக்க நாளில் கடை திறக்க முடியாது என்று ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த தெரு நெசவாளி ஒருவர், பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது, விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தறியில் பாதி ஓடியிருந்த சேலையைக் கத்தியால் அறுத்துச் சுருட்டிக் கொண்டுவந்தார். அளவு போதாதே என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

“நின்னு நடக்கவகளுக்குத்தான் அண்ணாச்சி முழுச் சேலை வேணும். போர்த்துறதுக்கு இது எட்டும்.”

எந்தக் கோமதி

ஒரு வருஷம் போயிற்று. மறுபடி ஜனவரி முப்பது. அன்றைக்குப் பலகையில் தேசப்பிதாவின் பேர் ஒன்றைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது என்று பஞ்சாயத்தில் முடிவு செய்து எழுதியே அனுப்பியிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மாலை போட வருகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஜனை பாடிக்கொண்டு வருகிறார்கள். நான் காலையிலேயே போய்ப் பலகையைக் கழுவி, பெரிய எழுத்தில் அந்தப் பேரை எழுதினேன். எழுதி முடித்தபின் கையில் ஒரு துண்டு சாக்கட்டி மிச்சம் இருந்தது. பலகையின் வலது கீழ் மூலையில், சட்டத்தை ஒட்டி, கடுகுபோல ‘கோமதி’ என்று எழுதினேன். இத்தனை வருஷமாக மற்றவர்கள் வீட்டுச் சாவையெல்லாம் நாள் தவறாமல் எழுதியவன் நான். எனக்கும் ஒரு வரி உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை பெரிய மாலை. கீழே மூலை வரை தொங்கி அந்த எழுத்தை மறைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். தலைவர் மாலை போட்டார், கும்பிட்டார், நிமிர்ந்தார். நிமிரும்போது மாலை கொஞ்சம் விலகியது. அவர் குனிந்து மூலையை உற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர். போன வருஷம் இதே நாளில் என் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்குத் தெரியாதென்று எனக்குத் தெரியும். என் பெண்சாதி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளைகள் பாட்டை முடித்துவிட்டு அமைதியாக நின்றார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அந்த இரண்டு வார்த்தை எனக்கு வரவில்லை. பிச்சையா முன்னால் வந்து மாலையை இழுத்து மறுபடி மூலையை மூடினான். தலைவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார்.

“கோமதின்னா எந்தக் கோமதி வே? இந்த ஊர்ல வீட்டுக்கு ரெண்டு கோமதி இருக்கே!”

அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பல வருஷம் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தத் தேதியை எடுத்தாலும் ஊருக்கெல்லாம் தெரிந்து செத்தவர்கள் மூன்று பேர்தான், மற்ற அத்தனை பேரும் அவரவர் வீட்டில் மட்டும்தான் செத்திருக்கிறார்கள்.